உளி பிடித்த கை



மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்தில், மேருவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர்ப் பால்மரம் சீவியவர். போன வாரம் போயிருந்தபோது, “உளியை எப்படிப் பிடிப்பீங்க பாட்டி?” என்று கேட்டேன். மேசையில் கிடந்த கரண்டியை எடுத்தார். பெருவிரல் காம்பின் மேல் படிந்தது. மற்ற விரல்கள் அடியில் மடிந்து மறைந்தன. மணிக்கட்டு இலேசாகத் திரும்பியது. “அவ்வளவுதான்யா” என்றார்.

அவ்வளவுதானா? மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே உளி நின்றுவிட வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். மீறினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். விடியுமுன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் பாட்டியின் விரல்கள் இந்தக் கணக்கைத் தவறாமல் போட்டிருக்கின்றன.

மெய்நிகர் உலகுக்கான கையுறைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரண்டிதான் நினைவுக்கு வருகிறது. கண்ணில் மாட்டும் கருவியின் கேமரா நம் கையைப் பார்த்துவிடும். மடிந்து மறைந்த விரலைப் பார்க்காது. அங்கேதான் நீட்சி உணரிகள் கைகொடுக்கின்றன. விரல் மூட்டின் மேல் ரப்பர் போன்ற ஒரு பட்டை. அதற்குள் மின்சாரம் கடத்தும் கரித்துகள்கள். விரல் மடங்கினால் பட்டை நீளும், துகள்கள் விலகும், மின்தடை ஏறும். அந்த ஏற்றத்தைக் கணினி மூட்டின் கோணமாக மாற்றிக்கொள்கிறது.

1989-ல் வந்த ‘பவர் குளோவ்’ என்ற விளையாட்டுக் கையுறையில், கடத்தும் மை பூசிய பட்டைகள் நான்கு விரல்களின் மடிப்பை அளந்தன. சுண்டுவிரலுக்குப் பட்டையே கிடையாது. 2014-ல் சர்ரே பல்கலைக்கழகத்தாரும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியாரும் கடையில் விற்கும் சாதாரண ரப்பர் வளையங்களில் கிராபீனை ஏற்றி, உடல் அசைவை அளக்கும் உணரிகளாக மாற்றிக் காட்டினார்கள். ரப்பர் வளையம்! நம் பாட்டிமார் மங்கு மங்காகச் சேர்த்த பாலின் உறவு, இன்று விரலையே படிக்கிறது. இந்தச் செய்தியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. நீண்ட ரப்பர் சுருங்கும்போது சற்றுப் பின்தங்கும். போகும்போது காட்டிய அளவைத் திரும்பும்போது காட்டாது. வியர்வையும் சூடும் வேறு கணக்கைக் கலைக்கும். ஒவ்வொரு கைக்கும் புதிதாக அளவு பழக்க வேண்டும்.

என் ஆசை இதுதான். மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925-ல் தொடங்கி மரத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிவைத்தது. சீவிய கை அறிந்ததையும் யாராவது பதிந்துவைக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளே, இந்தப் பாட்டிமாருக்கு ஒரு கையுறை செய்து போட்டுப் பாருங்களேன். கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. உளி பிடித்தவர்களுக்கும் வயதாகிறது.

கையுறை வரும்வரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டில் மரம் சீவியவர் இருந்தால், ஒரு கரண்டியைக் கொடுங்கள். அவர் கையின் மேல் உங்கள் கையை வைத்துக்கொள்ளுங்கள். எந்த விரல் முதலில் இறுகுகிறது, எது கடைசியில் தளர்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்