சர்க்கரை 'நார்மல்' வந்தால் பரீட்சை பாஸ் ஆகிவிட்டதா?

"என்ன சார், ரிசல்ட் எப்படி?"

"பாஸ் சார்! வெறும் வயிற்றில் 98!"

எலெக்ட்ரிக் ரெயிலிலும் ஆபீஸ் கேண்டீனிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். பிளஸ்-2 தேறிய பையனைப் போல முகத்தில் அத்தனை பூரிப்பு. 'பெயில்' ஆனவரோ வாயையே திறக்க மாட்டார்.

சர்க்கரை அளவை 'மார்க்' ஆக்கியது தான் இங்கே வந்த வினை.

3 நாள் விரதம்

பரிசோதனைக்கு 3 நாள் இருக்கும்போதே வீட்டில் சட்டம் மாறிவிடுகிறது. சோறு கட். காபிக்குச் சர்க்கரை கட். பாகற்காய் சாறு வருகிறது. கடற்கரையில் வேகு வேகென்று நடை.

நாலாம் நாள் ரத்தம் கொடுக்கிறார். 98 வருகிறது. அன்று மாலையே ஒரு ஜாங்கிரி. மறுநாள் மாத்திரைக்கு லீவு. "அதான் நார்மல் ஆயிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்கிறார்.

மாத்திரை சாப்பிட்டதால் தான் அந்த 98 வந்தது என்பது மகிழ்ச்சியில் மறந்து போகிறது. டாக்டர் பார்த்து நிறுத்தச் சொன்னால் அது வேறு விஷயம். தானாக நிறுத்தினால் சர்க்கரை சத்தம் போடாமல் ஏறும்.

இந்த 3 நாள் வித்தை 'எச்.பி.ஏ.1.சி.' பரிசோதனையிடம் பலிக்காது. ரத்தத்தின் சிவப்பு அணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அதில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வரும். கடந்த 2, 3 மாதச் சராசரி அப்படியே வெளியே வந்துவிடும்.

கடைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். தீபாவளிக்கு முதல் நாள் கல்லா நிரம்பியதை வைத்து, அந்த வருடமே லாபம் என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை.

திட்டு விழுமே!

ஏன் இந்த நாடகம்? டாக்டரை ஏமாற்றி யாருக்கும் ஒரு காசு லாபம் கிடையாது. எல்லாம் பயம் தான்.

"நீங்க வாயைக் கட்டவே மாட்டீங்களா?" என்று நாலு பேர் முன்னிலையில் டாக்டர் அதட்டினால், அடுத்த முறை உண்மை வராது. வீட்டிலும் அதே கதை. ஒரு லட்டைத் தொட்டால் போதும், பிள்ளைகள் எல்லாம் போலீஸ் ஆகிவிடுகிறார்கள். அவரோ கச்சேரியைத் தெருமுனை டீக்கடையில் வைத்துக்கொள்கிறார்.

சர்க்கரை ஏறுவதற்கு வாய் மட்டும் காரணம் அல்ல. காய்ச்சல் வந்தாலும் ஏறும். மனக்கவலையிலும் ஏறும். வருடங்கள் போகப் போக உடம்பில் இன்சுலின் சுரப்பதும் குறையும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொன்னது. அத்தனை பேரும் தின்னிப் பண்டாரங்களா என்ன?

எவ்வளவு குறைக்கணும்?

குறைப்பதால் பலன் உண்டு. சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்தில் 10 வருடம் கவனித்து 1998-ல் முடிவு சொன்னார்கள். சராசரி 7.9 சதவீதமாக இருந்தவர்களைவிட, 7 சதவீதமாக வைத்திருந்தவர்களுக்கு கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் சிறு ரத்தக்குழாய் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது.

அதற்காக இறக்கிக்கொண்டே போகலாமா? கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதய நோய் ஆபத்து உள்ள 10 ஆயிரத்து 251 சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு 6 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள். அவர்களில் சாவு அதிகமானதால் 2008-ல் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பதும் ஆபத்து தான். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், மயக்கமும் வரும். அப்போது 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது தான் முதல் உதவி.

ஆக, ஊருக்கெல்லாம் ஒரே நம்பர் கிடையாது. பெரும்பாலோருக்கு 3 மாதச் சராசரி 7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. தள்ளாத வயதினருக்கும், அடிக்கடி சர்க்கரை இறங்கிப் போகிறவர்களுக்கும் 8 வரை டாக்டர்கள் விட்டுப் பிடிப்பது உண்டு.

"எனக்கு எவ்வளவு இருக்கணும்?" என்று ஒவ்வொருவரும் டாக்டரிடம் கேட்க வேண்டும். "ஏன் ஏறிச்சு, சேர்ந்து பார்ப்போம்" என்று டாக்டரும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையில் பாதிப் பயம் ஓடிவிடும்.

9 வந்த சீட்டை மறைக்காமல் நீட்டுகிறவர் தான் கெட்டிக்காரர். கண்ணும் காலும் அவருக்குத் தான் மிஞ்சும்!