பெற்றோர் குலுக்கற் சீட்டோ?

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் தனித்திருக்கும் முதியோர் பலரின் மக்கள் இன்று கனடாவில் வாழ்கின்றனர். கியூபெக் ஒழிந்த மாகாணங்களில், பெற்றோரை நிரந்தர வதிவாளராக அழைப்பவர் மூன்றாண்டு வருமானம் காட்ட வேண்டும். 20 ஆண்டுகள் பராமரிப்பதாகவும் உறுதியளிக்க வேண்டும். இவற்றை நாம் குறைகூறோம். பொறுப்பேற்பவரிடம் பிணை கேட்பது நியாயமே.

ஆனால், தகுதியுள்ள மக்களையும் குலுக்கலுக்கு விடுவது எந்த நீதி? 2020 இல் விருப்பம் பதிந்தோரிடையே குலுக்கியே 2025 வரை அழைப்பு விடுக்கப்பட்டது. அன்று எழுபது வயதான தாய்க்கு அப்போது எழுபத்தைந்து!

'சூப்பர் விசா' 2022 முதல் ஒரே வருகையில் ஐந்தாண்டு தங்க இடந்தருகின்றது. ஆயினும் அது விருந்தினர் அனுமதியே, வதிவுரிமை அன்று.

பதிந்த வரிசைப்படியே அழைப்பு வேண்டும். கனடாவில் வாக்குரிமை பெற்ற தீவக மக்களே! இக்கோரிக்கையை உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.