ஜாக் ஸ்டீனுக்குக் கிடைத்த பரிசு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் உள்ள செல்டிக் கால்பந்து கிளப், 1978-ம் ஆண்டில் தன் மானேஜர் ஜாக் ஸ்டீனுக்கு ஒரு புதிய பதவி தர முன்வந்தது. பெயர் என்னவோ டைரக்டர் பதவிதான். வேலை? கிளப்புக்குப் பணம் திரட்டும் பரிசுச்சீட்டு விவகாரங்களைக் கவனித்துக்கொள்வது! 11 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்த மனிதருக்குத்தான் இந்த மரியாதை.

ஸ்டீன் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தவர். 1922-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி லானார்க்ஷயர் வட்டாரத்தில் பர்ன்பாங்க் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கிவிட்டார். வாரமெல்லாம் சுரங்கம், வாரக் கடைசியில் ஆல்பியன் ரோவர்ஸ் கோஷ்டியில் பந்தாட்டம். 1950-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லி கிளப்பில் முழுநேர ஆட்டக்காரர் ஆன பிறகுதான் சுரங்கத்துக்கு முழுக்குப் போட்டார்.

மறு வருஷம் செல்டிக் அவரை 1,200 பவுனுக்கு வாங்கியது. பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. இரண்டாவது கோஷ்டியில் இருக்கட்டும் என்றுதான் வாங்கினார்கள். முதல் கோஷ்டியின் தடுப்பாட்டக்காரர்கள் அடிபட்டுப் படுத்தார்கள். இவர் உள்ளே வந்தார், கேப்டனும் ஆனார். 1954-ல் லீக், கோப்பை இரண்டும் ஒரே பருவத்தில் கிடைத்தன. செல்டிக்குக்கு 40 வருஷமாக வாய்க்காத வெற்றி அது.

இதிலே இன்னொரு விஷயமும் உண்டு. அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்க ஏழைகளுக்கு உதவி செய்வதற்காகத் தோன்றிய கிளப் செல்டிக். ஸ்டீனோ புராட்டஸ்டண்டு. கிளாஸ்கோவில் இது லேசான சங்கதி அல்ல. எந்தக் கோஷ்டிக்குக் கை தட்டுகிறான் என்று பார்த்தே ஒருவனுடைய மதத்தைச் சொல்லிவிடுகிற ஊர் அது. செல்டிக்கில் சேர்ந்ததற்காகப் பழைய சிநேகிதர்கள் சிலர் ஸ்டீனோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். அதையும் அவர் சகித்துக்கொண்டார்.

கணுக்கால் காயம் அவர் ஆட்டத்தை முடித்தது. 1960-ல் டன்பர்ம்லின் என்ற சின்னக் கிளப்புக்கு மானேஜராகப் போனார். அடுத்த வருஷமே ஸ்காட்லாந்துக் கோப்பையின் இறுதிப் பந்தயத்தில் செல்டிக்கையே தோற்கடித்துக் காட்டினார்! 1965-ல் செல்டிக் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்தக் கிளப்புக்குப் புராட்டஸ்டண்டு ஒருவர் மானேஜர் ஆனது அதுவே முதல் தடவை.

1967-ம் ஆண்டு மே 25-ந் தேதி லிஸ்பன் நகரில் நடந்ததைக் கால்பந்து ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். எதிரே இத்தாலியின் இண்டர் மிலான். இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்ற கோஷ்டி. ஒரு கோல் போட்டுவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். 7-வது நிமிஷத்தில் பெனால்டியில் அந்த ஒரு கோல் விழுந்தும் விட்டது. ஆனால் ஸ்டீனின் ஆட்கள் பயந்து பின்வாங்கவில்லை. அலை அலையாக மேலே பாய்ந்தார்கள். 63-வது நிமிஷத்தில் ஜெம்மல் ஒரு கோல். ஆட்டம் முடிகிற நேரத்தில் சால்மர்ஸ் ஒரு கோல். முதல் தடவையாக ஒரு பிரிட்டிஷ் கிளப் கையில் கோப்பை! ஆடிய 11 பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து 30 மைல் சுற்றளவுக்குள் பிறந்தவர்கள். கோடிகளைக் கொட்டி உலகமெங்கும் ஆள் பிடிக்கிற இன்றைய கிளப்புகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1966 முதல் 1974 வரை தொடர்ந்து 9 லீக் வெற்றிகள். 1975-ல் மோட்டார் விபத்தில் சிக்கிப் பிழைத்தார். திரும்பி வந்து 1977-ல் லீக்கையும் கோப்பையையும் மறுபடி வென்றார். அந்த வருஷமே டால்கிலிஷ் 4,40,000 பவுனுக்கு லிவர்பூலுக்குப் போய்விட்டார். தடுக்க ஸ்டீன் முயன்றும் பலிக்கவில்லை. அடுத்த பருவத்தில் செல்டிக் ஐந்தாவது இடத்துக்கு இறங்கியது.

மானேஜரை மாற்றியது குற்றம் அல்ல. புதிதாக வந்த மெக்நீல், ஸ்டீனிடம் கேப்டனாக இருந்தவர்தான். 1979-ல் லீக்கை வென்றும் காட்டினார். ஆனால் ஆட்டத்தையே மூச்சாகக் கொண்டவரைக் கிளப்பிலே வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் பக்கம் விடாமல் சீட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்வதா? இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கலாம். பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கலாம். ஏணியை எட்டி உதைக்கவில்லை, பட்டுத்துணி போர்த்தி மூலையில் சாத்தினார்கள்; அவ்வளவுதான் வித்தியாசம். பிற்காலத்தில் மைதானத்தின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2011-ல் வாசலில் சிலையும் வைத்தார்கள். சந்தோஷம். சிலை யாருக்கும் ஆட்டம் சொல்லித் தராது.

ஸ்டீன் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் கிளப்புக்குப் போய், 44 நாளில் அதையும் விட்டு ஸ்காட்லாந்து தேசிய கோஷ்டிக்கு மானேஜர் ஆனார். 1982 உலகக் கோப்பைக்கு அதை அழைத்துச் சென்றார்.

1985-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி, கார்டிப் நகரில் வேல்ஸுடன் பந்தயம். அடுத்த உலகக் கோப்பைக்குப் போகிற வாய்ப்பு நிலைக்க, தோற்காமல் இருந்தாக வேண்டும். வேல்ஸ் முந்திக்கொண்டது. கடைசிப் பத்து நிமிஷத்துக்குள் கூப்பர் பெனால்டியில் சமன் செய்தார். ஆட்டம் முடிகிற தறுவாயில் மைதான ஓரத்தில் ஸ்டீன் சரிந்து விழுந்தார். மைதானத்து வைத்திய அறையிலேயே உயிர் பிரிந்தது. வயது 62. மறு வருஷம் ஸ்காட்லாந்து கோஷ்டியை மெக்சிகோவுக்கு அழைத்துப் போனவர், அன்று அவருக்குத் துணையாக இருந்த அலெக்ஸ் பெர்குசன்.