மாதத்தைக் கேட்டுவிட்டு மலையேறுங்கள்

(சிவில், மூன்றாம் ஆண்டு)



வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். தேனி, கம்பம், சேலம் வண்டிகளுக்கு முன்னால் நம் வயசுப் பசங்க கும்பல் கும்பலாக நிற்பார்கள். முதுகில் பை, காலில் புது ஷூ. எந்த மலை என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். "இந்த மாசத்துல அங்கே எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். "போய்ப் பாத்துக்கலாம் மச்சி!" என்பார்கள்.

இந்தப் "போய்ப் பாத்துக்கலாம்" மேல்தான் எனக்குக் கோபம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்குப் பக்கத்தில் குரங்கணி மலை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து இன்னொரு குழு. கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத் தீயில் மாட்டிக்கொண்டார்கள். மொத்தம் 23 உயிர்கள். மகளிர் தினத்தையொட்டி ஆசையாக மலையேறப் போன பெண்கள் அதில் பலர். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தும் எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. அப்போது நாமெல்லாம் ஸ்கூல் பிள்ளைகள். டி.வி.யில் பார்த்துவிட்டு அம்மாக்கள் அழுதது ஞாபகம் இருக்கும்.

தீயை யார் வைத்தார்கள், அனுமதி இருந்ததா, இல்லையா என்று அன்று எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு. அது மார்ச் மாதம்! வடகிழக்குப் பருவமழை முடிந்து இரண்டு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆளுயரப் புல் காய்ந்து சருகாக நிற்கிற காலம். நம் ஊர் மலைகளுக்கு பிப்ரவரி பாதியிலிருந்து கோடை மழை வரும்வரை தீக்காலம் என்பது அடிவாரத்தில் ஆடு மேய்க்கிற பெரியவருக்குக் கூடத் தெரியும். பாலிடெக்னிக் படிக்கிற நமக்குத் தெரியவில்லை என்றால் வெட்கம்தான்.

கணக்காகவே சொல்கிறேன். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கி எரிகிற தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் ஒரு கட்டைவிரல் விதி. 20 டிகிரிச் சரிவில் நாலு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு. பகலில் வெயில் பட்ட சரிவில் காற்றும் கீழேயிருந்து மேலேதான் வீசும். ஆக, கீழே புகை தெரிந்தால் மேலே ஓடித் தப்பிக்க முடியாது. தப்பிக்கிற இடமே அந்தப் பயணத்துக்குத் தேதி குறிக்கிற காலண்டரில்தான் இருக்கிறது.

இன்னொரு தப்பு, நம் வானத்தைப் பார்த்து அடுத்த ஊர் மலையை எடைபோடுவது. ஜூலையில் தாம்பரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். அதே நாளில் வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டும். பாறை வழுக்கும், அட்டை காலில் ஏறும், ஓடை பெருகும். அக்டோபர் வந்தால் மழை நம் பக்கம் திரும்பி ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது எல்லாம் நனையும். மே மாதக் கோடை மழையையும் நம்ப முடியாது. 2015 மே மாதம் சதுரகிரிக்கு அமாவாசை தரிசனத்துக்குப் போன பக்தர்கள் சிலரைக் காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

வெள்ளத்தைப் பற்றி முடிச்சூர், வரதராஜபுரம் பசங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1-ல் ஒரே நாளில் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை. மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்ததே, பார்த்தோமே! எங்கேயோ உள்ள ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீர் அது. மலை ஓடையும் அப்படித்தான். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், உச்சியில் பெய்த மழை அரை மணி கழித்து வரும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாம் ஆண்டு நவம்பரில் நாங்கள் ஏழு பேர் ஜவ்வாது மலைக்குப் போனோம். வீட்டில் பொய், ஹாஸ்டலிலும் பொய். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை சாயங்காலம் இடுப்புக்கு வந்துவிட்டது. ஒருத்தன் "கையைக் கோத்துக்கிட்டு இறங்கிடலாம்டா" என்றான். நானும் சரி என்றுதான் சொன்னேன். விறகு சுமந்து வந்த ஒரு அக்கா, "தம்பிங்களா, உக்காருங்க. தண்ணி தானா எறங்கும்" என்று அதட்டி உட்காரவைத்தார். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. டார்ச் ஒன்றே ஒன்று, போனில் டவர் கிடையாது. ராத்திரி பத்து மணிக்குத்தான் ஓடை இறங்கியது. அந்த அக்கா வராமலிருந்தால்.... சரி, வேண்டாம்.

அப்படியானால் மலைக்கே போகக் கூடாதா? சில பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். டூர் என்று வாயைத் திறந்தாலே "குரங்கணி ஞாபகமில்லையா?" என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயம்தான், ஆனால் அந்த முடிவு தப்பு. கதவைச் சாத்தினால் பசங்க ஜன்னல் வழியாகப் போவார்கள், நாங்கள் போன மாதிரி. யாருக்கும் தெரியாமல் போகிறவனைத் தேடி யார் வருவார்கள்? குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அறிவித்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்யலாம். கட்டணம் நம் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கனம்தான், மறுக்கவில்லை. ஏழு பேர் பெட்ரோலுக்கும் பரோட்டாவுக்கும் செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு வித்தியாசமும் இல்லை!

நேரக் கணக்கும் நமக்கு வராத பாடமில்லை. 1892-லேயே ஸ்காட்லாந்தின் நெய்ஸ்மித் ஒரு விதி சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி கூட்டு. 8 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். பழக்கமில்லாத நம் கால்களுக்குப் பாதி சேர்த்துக்கொண்டால் நாலரை மணிக்குச் சற்று மேல். சர்வே கேம்ப்பில் கான்டூர் வரைந்தோமே, மார்க்குக்கு மட்டுமா அது? பரங்கிமலைப் படியில் நாலு தடவை ஏறி இறங்கிப் பார்த்தால் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். வெள்ளியங்கிரியில் 2024-ல் ஏறும்போதே மூச்சுத் திணறி, நெஞ்சு வலித்து இறந்தவர்கள் உண்டு.

வரப்போகிற மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை இதுதான். மலைக்குப் போகிற எந்தக் குழுவும் சங்க அறையில் ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுப் போகட்டும்: எந்த மலை, எந்தப் பாதை, வன அனுமதி எண், எத்தனை மணிக்குத் திரும்பிப் போன் செய்வார்கள், செய்யாவிட்டால் யாருக்குச் சொல்வது. குழுவில் ஒருத்தர் "திரும்பலாம்" என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்ப வேண்டும், கிண்டல் பண்ணக் கூடாது. கூடவே பன்னிரண்டு மாதத்துக்கும் எந்த மலையில் மழை, எங்கே தீ, எங்கே போகலாம் என்று ஒரு சார்ட். வரைந்து தர நான் தயார். சர்வே லேப் பக்கத்துச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது.