மீதியை வெள்ளித்திரையில் காண்க



பாசமலர் எவ்வளவு நீளமான படம் என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரிந்த கணக்கு எண்ணூறு பீடி.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மத்தியானச் சோறு முடிந்ததும் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். மடியில் சொளவு, அதில் நறுக்கிய இலை, ஒரு ஓரத்தில் தூள், பக்கத்தில் நூல்கண்டு. பீடிக்கடைக்குக் கொண்டுபோவதற்குள் எண்ணிக்கை சேர்ந்தாக வேண்டும். கை தன்பாட்டுக்கு ஓடும். காதுக்குத்தான் வேலை வேண்டும். அதற்கு இலங்கை வானொலி இருந்தது. கே.எஸ்.ராஜா மூச்சுவிடாமல் பேசி ஓய்ந்த பிறகு என் அத்தை இருந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்து மூன்றாம் வருஷமே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டவள். ஏன் என்று வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பக்கத்து ஊர் டூரிங் டாக்கீஸில் படம் மாற்றினால் அவளுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மைல் நடந்து இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் திரும்பி வருவாள். டிக்கெட்டுக் காசையும் மறுநாள் வேலையையும் யோசித்தால் எல்லாப் பெண்களும் போக முடியாது. அதனால் ஓர் ஏற்பாடு. அத்தை பார்த்துவிட்டு வந்து சொல்வாள், மற்றவர்கள் கேட்பார்கள். நடித்துக் காட்டும்போது அவள் கை நின்றுபோகும் அல்லவா, அதற்கு ஈடாக ஆளுக்குக் கொஞ்சம் பீடி அவள் பங்குக்குச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். சினிமாக் கதை சொன்னதற்கு இப்படிக் கூலி வாங்கிய ஒருத்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சென்சார் சர்டிபிகேட்டிலிருந்து ஆரம்பிப்பாள். எத்தனை ரீல் என்று முதலில் சொல்லியாக வேண்டும். பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது. சிவாஜி வாரான், சாவித்திரி அழுதா, ஜெமினி கோவமா நிக்கான். நம்பியார் என்றால் அதற்கு மேல் விளக்கமே வேண்டாம். மழை பெய்து கூடாரம் ஒழுகியது, நடுவில் படம் அறுந்து விசில் பறந்தது, மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தவளோடு பின்னால் இருந்தவள் சண்டை போட்டது எல்லாம் கதைக்குள்ளேயே வரும். ரொம்ப நாள் வரைக்கும் அந்த மணல் சண்டை பாசமலரில் ஒரு காட்சி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

1961-இல் வந்த படம் அது. நான் கேட்டது எழுபதுகளின் நடுவில். கிராமத்துக்குப் படங்கள் அப்படித்தான் வரும், தேய்ந்து, கீறல் விழுந்து, பத்துப் பதினைந்து வருஷம் கழித்து. அந்த ஒரே வருஷத்தில் பீம்சிங்கும் சிவாஜியும் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் என்று மூன்று படம் தந்தார்கள். ‘பா’ வரிசைப் படங்கள் என்று இன்றும் சொல்கிறோம். எங்கள் திண்ணையில் மூன்றும் ஒன்றோடொன்று கலந்து போயிருந்தன. எந்தச் சாவித்திரி எந்தப் படத்தில் அழுதாள் என்பதில் எனக்கு இன்றும் குழப்பம் உண்டு.

பாசமலர் இரண்டு மத்தியானம் ஓடியது. இரண்டாம் நாள் முடியும் நேரம், கண் பார்வை போன அண்ணன் தங்கையைத் தேடி வருகிறான். திண்ணையில் ஒரு கையும் அசையவில்லை. அத்தை சொன்னாள்: “வந்தான். தங்கச்சி கையப் புடிச்சான் பாத்துக்க. அம்புட்டுதான், வணக்கம் போட்டுட்டான்.” சொல்லிவிட்டு இலையை எடுத்துக் கத்தரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணனும் தங்கையும் சேர்ந்துவிட்டார்கள்.

படத்தைப் பார்க்காமலேயே படம் தெரியும் என்பது எங்கள் தலைமுறைக்குச் சாதாரணம். பாட்டுப் புத்தகம் என்று ஒன்று தியேட்டர் வாசலில் விற்கும். கையில் எடுத்தாலே கிழிகிற தாள். பாட்டுகளோடு கதைச்சுருக்கமும் இருக்கும். கதாநாயகி ஆற்றில் குதிக்கப் போகும் இடத்தில், அல்லது வில்லன் கத்தியை ஓங்கிய இடத்தில், சட்டென்று நின்றுவிடும்; கீழே ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று இருக்கும். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் இதைவிடச் சுருக்கமாக ஒரு ‘தொடரும்’ எழுத எனக்கு வரவில்லை.

அப்புறம் வானொலியில் ஒலிச்சித்திரம். ஒரு முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் வெட்டிச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். கதவு சாத்துகிற சத்தம் வரும். போனது யார் என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். தில்லானா மோகனாம்பாளை (1968) நான் முதலில் இப்படித்தான் கேட்டேன். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் எழுதிய தொடர், கோபுலுவின் படங்களோடு வாராவாரம் வந்தது; அதை ஏ.பி.நாகராஜன் சினிமாவாக்கினார். ஒலிச்சித்திரத்தில் கேட்கும்போது சிவாஜியின் கன்னம் உப்புவதோ விரல் ஓடுவதோ கிடையாது. இருந்ததெல்லாம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் மட்டும். பிறகு படம் பார்த்தபோது சிவாஜி வாசிக்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை. அந்த மாதிரி ஏமாற்றப்படுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

கல்யாண வீடுகளையும் சொல்ல வேண்டும். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில், பாட்டு முடிந்ததும் திருவிளையாடல் வசனக் கேசட்டைப் போட்டுவிட்டு மைக்செட்காரர் சாப்பிடப் போய்விடுவார். தருமி மண்டபத்தில் புலம்ப ஆரம்பிப்பார். பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறவர், நாகேஷுக்கு அரை நொடி முன்னால் அடுத்த வசனத்தைச் சொல்லுவார். எதிர்வரிசையில் இலை முன்னால் இருப்பவர் சிவன். 1952-இல் பராசக்தி நீதிமன்றக் காட்சியை மனப்பாடம் செய்து பழகிய ஊர்களுக்கு இது பெரிய காரியமில்லை. வீரபாண்டிய கட்டபொம்மனோ பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் இன்னும் மீசை வரைந்துகொண்டு வந்துகொண்டுதான் இருக்கிறான்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், இந்த இதழில் பழைய குடும்பப் படங்களுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். அதற்கான கூட்டத்தில் ஒரு சண்டை. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிற படம் எது? மெய்ப்புத் திருத்துபவர் எதிர்நீச்சல் என்றார். உதவி ஆசிரியர் மைக்கேல் மதன காமராஜனை விட்டு நகர மறுத்தார். வடிவமைக்கும் தம்பி, “பழைய படம்னா பாட்ஷாதானே சார்?” என்று கேட்டதும் கூட்டம் கொஞ்ச நேரம் பேச்சற்றுப் போயிற்று.

என் ஓட்டு காதலிக்க நேரமில்லைக்கு. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் சேர்ந்து 1964-இல் செய்த வேலை. ஈஸ்ட்மென் கலரில் ஆழியாறு, ரவிச்சந்திரன் என்ற புதுமுகம், யாரும் சாகாத கதை என்று காரணங்கள் பல சொல்லலாம். எனக்கு ஒரே காரணம்தான். ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சி. அதில் பேய் கிடையாது, இருட்டு கிடையாது. ஒருவர் வாயாலேயே காற்றையும் கதவையும் காலடியையும் உண்டாக்குகிறார். இன்னொருவர் கேட்கிறார். நாகேஷைப் புகழாதவர் இல்லை. ஆனால் அடுத்த முறை பாலையாவை மட்டும் பாருங்கள். கதை கேட்கிற முகம் எப்படி இருக்கும் என்று தமிழ் சினிமா அதற்குப் பிறகு இவ்வளவு சரியாகக் காட்டியதாக எனக்கு நினைவில்லை. எங்கள் திண்ணையில் எட்டுப் பாலையாக்கள் இருந்தார்கள்.

பேசாத படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை விளக்கிச் சொல்ல ஆள் வைத்திருந்தார்கள். 1931-இல் காளிதாஸ் வந்து படமே பேச ஆரம்பித்ததும் அந்த ஆளுக்குக் கொட்டகையில் வேலை இல்லாமல் போயிற்று. அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கு முடிவைச் சொன்னால் ‘ஸ்பாய்லர்’ என்று பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். அன்று படம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லாதவள்தான் குற்றவாளி.

பழைய படங்களைப் பற்றிப் பேசும்போது எல்லாமே பொன் என்று நான் சொல்லப் போவதில்லை. பளாரென்று ஓர் அறை, அதை வாங்கியதும் திருந்திவிடும் மனைவி, உடனே வீணை. எத்தனை படங்களில் பார்த்தாயிற்று! பேத்தியோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்த இடத்தில் நான் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுகிறேன். அத்தைக்கு அந்தச் சங்கடம் இருந்ததில்லை. அவள் சொன்ன கதைகளில் அறை வாங்கினவள் திருப்பி ஒன்று கொடுத்துவிடுவாள். “குடுத்தா பாரு, கன்னம் வீங்கிட்டு” என்பாள். சொளவுகள் குலுங்கும். வளர்ந்து அந்தப் படங்களைப் பார்த்தபோது திருப்பிக் கொடுத்த அறை ஒன்றுகூடக் காணோம்.

விசுவின் சம்சாரம் அது மின்சாரம் (1986) வந்தபோது அத்தைக்குப் படம் சொல்லும் வழக்கம் குறைந்திருந்தது. அந்தப் படத்தைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டே பார்க்கலாம். அத்தனை பேச்சு. ஆனாலும் வீட்டுக்கு நடுவே சாக்பீஸில் கோடு விழும்போது கண்ணைத் திறந்துவிடுவோம். குடும்பம் ஒன்றுசேரும், வணக்கம் போடுவார்கள் என்று எல்லோரும் கைக்குட்டையோடு தயாராக இருக்க, மூத்த மருமகள் லட்சுமி, தள்ளியே இருப்போம், பிரியமாக இருப்போம் என்கிற மாதிரி ஒரு முடிவு சொல்வார். குடும்பப் படம் என்று பெயர் வாங்கிய ஒரு படம் இப்படி முடிந்ததில் என் அம்மாவுக்கு வருத்தம். அத்தை மட்டும், “அந்தப் புள்ள சரியாத்தான சொல்லுது” என்றாள்.

கொடைக்கானல் டவர் வந்து, எங்கள் தெருவுக்கும் டி.வி. வந்தது. லீவுக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாசமலர் போட்டான். பக்கத்து வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர். எனக்குக் கதை அத்துப்படி என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டே வந்தேன். தங்கையைத் தேடி அண்ணன் வந்தான், கையைப் பிடித்தான். நான் சொல்லி முடித்துவிட்டேன், படம் முடியவில்லை. பிடித்த கை பிடித்தபடி இருக்க, இரண்டு பேருமே இறந்துபோகிறார்கள். தமிழ்நாடு முழுவதும் அழுது தீர்த்த காட்சி. பத்திரிகையில் வேலை பார்க்கிற எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கூடம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். அத்தை உட்கார்ந்திருந்த இடத்தில் சொளவு மட்டும் இருந்தது.

இனி உங்கள் முறை. பிடித்த படங்களின் பட்டியல் வேண்டாம். முதல் பத்துப் படங்கள் எவை என்பதைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவர் உங்களுக்குச் சொன்ன ஒரு படத்தை, அவர் சொன்ன மாதிரியே எழுதி அனுப்புங்கள். அப்பா சைக்கிளில் வைத்துக்கொண்டு சொன்னதாக இருக்கலாம். ரேஷன் கடை வரிசையில் பாட்டி சொன்னதாக இருக்கலாம். கதை தப்பாக இருந்தால் திருத்தாதீர்கள். திருத்துவதற்கென்று இங்கே ஓர் அதிகாரி இருக்கிறார், அவரையும் கைகட்டி இருக்கச் சொல்லியிருக்கிறேன். எந்தப் படம் என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள், மற்ற வாசகர்கள் கண்டுபிடிக்கட்டும். பழைய பாட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அட்டையைப் படமெடுத்து அனுப்பலாம். அசலைத் தபாலில் அனுப்ப வேண்டாம், அந்தத் தாள் தாங்காது.

இதை எழுதிவிட்டு நேற்று ராத்திரி ஊருக்கு ஃபோன் போட்டேன். அத்தைக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். பீடி சுற்றுவதை விட்டுப் பல வருஷம் ஆயிற்று. நான் கத்திக் கேட்டேன், “அத்தை, பாசமலர்ல ரெண்டு பேரும் செத்துப் போறத ஏன் நீங்க சொல்லவே இல்ல?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

“சொன்னேன்ல,” என்றாள். “கையப் புடிச்சான்னு சொன்னேனா இல்லையா?”

அன்புடன்,
ஆசிரியர்