பூஜை அறையில் ஒரு பொறியாளர்

தேனி மாவட்டத்தில் கூடலூர், கம்பம், சின்னமனூர்ப் பக்கம் உழவர் வீடுகளுக்குச் சென்றவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். பூஜை அறையில் முருகன், மாரியம்மன், குலதெய்வம் என்று படங்கள் வரிசையாக இருக்கும். சில வீடுகளில் அந்த வரிசையிலேயே மீசை வைத்த வெள்ளைக்காரர் ஒருவரின் படமும் இருக்கும். சாமிக்குச் சாத்திய பூவில் ஒரு துண்டு அவருக்கும் கிடைக்கும். அவர் நம் சமயத்தவர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். பிறந்த குழந்தைக்குப் ‘பென்னிகுயிக்’ என்று பெயரிடும் தாய்மார்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகத் தோன்றியதில்லை.

வீரபாண்டியில் கௌமாரியம்மனைத் தரிசிக்கச் செல்பவர்கள் முல்லையாற்றில் கால் நனைக்கிறார்கள். மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போது, கள்ளழகர் இறங்கும் வைகைக்கு வைகை அணையிலிருந்து நீர் திறந்துவிடுகிறார்கள். அந்த அணையில் சேரும் நீரில் மேற்கு மலைக்கு அப்பாலிருந்து வரும் பெரியாற்று நீரும் கலந்திருக்கிறது. மேற்கே ஓடிக் கடலில் விழ வேண்டிய ஓர் ஆற்றைக் கிழக்கே திருப்பியவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். அணையைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவரது குடும்பத்தைப் பற்றிப் பேசப்படுவது குறைவு. பேசப்படுவதிலும் ஒரு பகுதி கதை.

அவர் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுயிக்தான். தந்தை பிரிட்டிஷ் இராணுவத்தில் பிரிகேடியர், தாய் சாரா. 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சிலியன்வாலா என்ற இடத்தில் சீக்கியப் படையோடு நடந்த பெரும்போரில் தந்தை மாண்டார். அதே படைப்பிரிவில் அவர் மகன் அலெக்சாண்டரும் இளம் அதிகாரியாக இருந்தார். அவருக்கு வயது 17. வீழ்ந்து கிடந்த தந்தையின் உடலை விட்டு அகலாமல் காத்து நின்று, அவ்விடத்திலேயே அவரும் உயிரிழந்தார். இளைய ஜானுக்கு எட்டாவது பிறந்தநாள் வர இன்னும் இரண்டே நாட்கள் இருந்தன.

ஒரே நாளில் கணவனையும் மூத்த பிள்ளைகளில் ஒருவனையும் இழந்த தாயிடம் வளர்ந்த சிறுவன், பின்னாளில் தானும் சீருடையே அணிந்தான். ஆனால் அவன் தேர்ந்தது போர்முனையை அன்று, பொறியியலை. செல்ட்டனம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் இராணுவப் பயிற்சிக்கூடமான ஆடிஸ்கோம்பிலும் படித்து, 1860இல் மதராஸ் வந்து சேர்ந்தார். இடையே அபிசீனியப் படையெடுப்பில் பணியாற்றினார். கிரிக்கெட்டில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடலாம். காட்டிலேயே வாழ்ந்த முனிவர் என்று எண்ணிவிடக் கூடாதல்லவா?

1879இல் கிரேஸ் ஜார்ஜியானா ஷாமியர் என்ற மங்கையை அவர் மணந்தார். அப்போது அவருக்கு வயது 38. ஐந்து பெண்களும் ஒரு மகனும் பிறந்தனர். இன்று ஒரு பெண்ணுக்கு மணம் முடித்ததும் கைப்பேசியில் கடன் தவணையை எண்ணிப் பார்க்கும் தகப்பன்மார்களுக்கு, ஐந்து பெண்களைப் பெற்றவரின் மனம் எளிதில் விளங்கும்.

திருமணத்துக்குச் சற்று முன்புதான் தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கியிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்ட பாட்டைப் பாட்டிமார் வழியாகக் கேட்டவர்கள் அண்மைக்காலம் வரை இருந்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் மழை கொட்டுகிறது. இந்தப் பக்கம் கண்மாய் வறண்டு கிடக்கிறது. பெரியாற்றைத் திருப்பினால் என்ன என்ற எண்ணம் புதியதன்று. இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789ஆம் ஆண்டளவிலேயே ஆள் அனுப்பி இடத்தைப் பார்த்துவரச் செய்தார்; பொருள் வசதி இல்லாமல் நின்றது. 1808இல் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல் இது நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். 1850இல் சிறிய அளவில் வேலை தொடங்கி, நோயும் கூலித் தகராறும் சேர்ந்து அதுவும் கைவிடப்பட்டது. பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1882இல் திட்டத்தையும் மதிப்பீட்டையும் புதிதாக வகுக்கும் பொறுப்புப் பென்னிகுயிக்கிடம் வந்தது.

அவர் வகுத்த திட்டம், சொல்லும்போது எளிது. மலைமேல் ஆற்றின் குறுக்கே ஓர் அணை. தேங்கும் நீர் கிழக்குச் சரிவை நோக்கிச் செல்ல, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் நீளும் சுரங்கம். சுரங்கத்தை விட்டு வெளிவரும் நீர் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையோடு கலந்து, பேரணையிலிருந்து கால்வாய் வழியே மேலூர் வரை பாய வேண்டும். இடம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. ஆகவே 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம், ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை.

1887இல் வேலை தொடங்கியது. யானையும் புலியும் உலவும் காடு, சாலை கிடையாது. பொருள் யாவும் கீழிருந்து மேலே போக வேண்டும். சிமென்ட் பரவலாகாத அந்நாளில் சுண்ணாம்போடு, சுட்ட செங்கல் பொடியாகிய சுர்க்கியைக் கலந்த காரையே அணையின் உள்ளுடலாயிற்று. ஆற்றுப் படுகையில் எழுப்பிய தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது; மீண்டும் கட்டினார்கள்; மீண்டும் சென்றது. வெள்ளத்தைவிடக் கொடியதாக இருந்தது மலேரியா. அணைக்கு வடக்கே ஒரு சிறு இடுகாடு இருக்கிறது. கட்டுமானக் காலத்தில் நோயால் இறந்தவர்கள் 483 பேர் என்று கணக்குச் சொல்கிறது. அந்த 483 பேருக்கும் வீடு இருந்தது. வீட்டில் யாரோ காத்திருந்தார்கள். பூஜை அறைப் படங்களில் அவர்கள் இல்லை. டியூப்லைட் ஒன்று கொடுத்துவிட்டு வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதிவைக்கும் காலத்தில், இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

1895 அக்டோபரில் மதராஸ் ஆளுநர் வென்லாக் பிரபு நீரைத் திறந்துவைத்தார். இன்று கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் வரை அந்த நீரை எதிர்பார்க்கும் நிலங்கள் இருக்கின்றன.

இனி, அந்தக் கதை. வெள்ளம் அணையை அடித்துச் சென்றது. அரசு இனிப் பணம் இல்லை என்று கைவிரித்தது. பென்னிகுயிக் இங்கிலாந்து சென்று சொத்தை விற்றார், மனைவியின் நகைகளையும் விற்றார், அந்தப் பணத்தைக் கொண்டுவந்து அணையைக் கட்டி முடித்தார். ஊர்தோறும் சொல்லப்படுவது இது. மேடைகளில் கண்ணீர் வரவழைப்பதும் இதுதான்.

வரவு செலவு ஏட்டைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். ஓர் இராணுவ அதிகாரியின் வீட்டுச் சொத்துக்கு இவ்வளவு பெரிய அணையைக் கட்டும் வலிமை உண்டா? பெரியாற்றுத் திட்டம் மதராஸ் அரசின் பொதுப்பணித் துறை, அரசுப் பணத்தில் செய்த வேலை. மதிப்பீடு, ஒப்புதல், செலவு எல்லாம் அரசின் கணக்கில் நடந்தவை. உடன் பணியாற்றிய பொறியாளர் மெக்கென்சி இத்திட்டத்தின் வரலாற்றைத் தனி நூலாகவே 1899இல் எழுதினார். பென்னிகுயிக்கும் 1897இல் இலண்டன் பொறியாளர் கழகத்தில் இது குறித்துக் கட்டுரை வாசித்தார். நகை விற்ற கதை ஊர் வாய்மொழியில் வளர்ந்தது. பொதுப்பணித் துறையின் கணக்கு வேறு.

இதைச் சொன்னால் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மனம் நோகக்கூடும். நோக வேண்டிய அவசியம் இல்லை. நன்றி மிகும்போது மக்கள் கதை கட்டுவது நம் தலபுராண மரபிலேயே உள்ளதுதான். இந்தக் கதையில் மக்கள் எதைத் தியாகமாக எண்ணினார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. உயிரைக் கொடுத்தார் என்று அவர்கள் சொல்லவில்லை. வீட்டைக் கொடுத்தார் என்று சொன்னார்கள். மனைவியின் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுப்பது எத்தகைய செயல் என்பது, விதை நெல்லுக்காக அதைச் செய்து பழகிய உழவர் குடும்பங்களுக்குத் தெரியும். தாங்கள் அறிந்த மிக உயர்ந்த தியாகத்தை அவருக்குச் சூட்டினார்கள்.

கதையைக் கழித்தாலும் கணக்கில் மிச்சம் இருக்கிறது. அணை எழுந்த எட்டு ஆண்டுகள் மணமாகி எட்டாம் ஆண்டில் தொடங்கி பதினாறாம் ஆண்டில் முடிந்தவை. ஒரு குடும்பத்தில் குழந்தைகள் வளரும் ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் தகப்பன் பொறுப்பேற்றிருந்த வேலை காய்ச்சல் காட்டில் நடந்தது. உடன் வேலை செய்தவர்கள் நூற்றுக்கணக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். தந்தையை இழந்த வீடு எப்படி இருக்கும் என்பதை ஏழு வயதிலேயே அறிந்தவர், ஒவ்வொரு முறை மலையேறும்போதும் அதை மறந்துவிட்டா ஏறியிருப்பார்? கிரேஸ் அம்மையாரின் பெயர் ஊர்க் கதையில் பெரும்பாலும் வருவதில்லை. ‘அவர் மனைவி’ என்பதோடு சரி. நகையை விற்றிருந்தாலும் விற்காவிட்டாலும், அந்த எட்டு ஆண்டுகளைச் சுமந்தவர் அவரும்தான்.

பணி முடிந்து 1896இல் தாயகம் திரும்பிய பென்னிகுயிக், இந்தியப் பணிக்குப் பொறியாளர்களை உருவாக்கிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராக 1899 வரை இருந்தார். பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தணிக்க வழி சொல்லுமாறு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அரசு அவரை அழைத்தது. அறிக்கை எழுதிக் கொடுத்தார். ஓரிடத்தில் நீர் இல்லாத துயர், மற்றோரிடத்தில் நீர் மிகுந்த துயர்.

2013இல் லோயர்கேம்பில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பியது. அவர் இறுதிக்காலத்தைக் கழித்த கேம்பர்லி நகரில் 2022இல் தமிழக அரசின் சார்பில் சிலை நிறுவப்பட்டது. தேனி அருகே பாலார்பட்டியில் ஜனவரி 15 அன்று அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். நம் பண்டிகையும் அவர் பிறந்தநாளும் அடுத்தடுத்தோ ஒன்றாகவோ அமைவது அவ்வூராருக்குத் தனி மகிழ்ச்சி.

அவரது மகன் பிறந்தது அணைக்குப் பின், 1899 நவம்பரில். தகப்பனாருக்கு அப்போது வயது 58. குழந்தைக்கு ஜான் என்றே பெயரிட்டார்கள். தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் ‘பேரன்’ என்று நாம் சொல்கிறோம். சிலியன்வாலாவில் வீழ்ந்தவரின் பெயர் அப்படித் தொடர்ந்தது. 1911 மார்ச் 9 அன்று கர்னல் பென்னிகுயிக் காலமானபோது அந்தச் சிறுவனுக்கு வயது 11. பாட்டனைப் போல அவனும் வளர்ந்து போருக்குச் சென்றான். முதல் உலகப் போரில் பணியாற்றி உயிரோடு திரும்பி வந்தான். பின்னர் சட்டம் பயின்று, சர் ஜான் பென்னிகுயிக் என்ற பெயரோடு இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தின் நீதிபதியாக விளங்கி, 1982இல் மறைந்தார்.