சக்கர நாற்காலி கொடுத்தோம். செல்ல வழி கொடுத்தோமா?

ரமளான் மாதம் வந்துவிட்டால் நம் ஜமாஅத்துகள் பலவும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்கர நாற்காலிகளும் மூன்று சக்கர வண்டிகளும் வழங்குகின்றன. ஜகாத்தும் ஸதகாவும் உரியவரைச் சென்றடைவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அந்த நாற்காலி அதன்பின் எங்கே செல்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அது வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. பெருநாள் தொழுகை முடிந்ததும் முஹல்லாவின் இளைஞர்கள் திடலில் பந்தாடுகிறார்கள்; அவர்களின் வயதையொத்த ஒருவன் திண்ணையில் இருந்தபடி அந்த ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு உணவும் உடையும் தந்துவிட்ட நாம், ஆட்டத்தில் ஓர் இடம் தர மறந்துவிட்டோம்.

நம் மார்க்கம் காட்டிய வழி இதுவன்று. பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டன. நபி (ஸல்) அவர்கள் அவரை முஅத்தினாக நியமித்தார்கள்; ரமளானில் மதீனாவாசிகள் ஸஹரை நிறுத்திக்கொண்டது அவரது பாங்கோசையைக் கேட்டுத்தான். தாம் பயணம் செல்கையில் மதீனாவின் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார்கள். அம்பெய்து பழகியோரை ஊக்குவித்ததும், ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும் அதே நபிதான். வலிமையான இறைநம்பிக்கையாளரை அல்லாஹ் அதிகம் நேசிக்கிறான் என்று கூறிய அவர்கள், இருவரிடமும் நன்மை உண்டு என்றும் சேர்த்தே கூறினார்கள். உடலைப் பேணும் உரிமை எல்லா உடல்களுக்கும் உரியது.

இன்று மாற்றுத்திறனாளிகளே இவ்வுரிமையைக் கேட்டுப் பெற முன்வந்திருக்கிறார்கள். சென்னை மெரினாவில் மணற்பரப்பைக் கடந்து அலையருகே செல்ல வழி வேண்டுமென அவர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தனர். 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை அங்கே திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தபோதும், பின்னர் சீரமைக்கப்பட்டது. கேட்டவர்கள் இருந்ததால்தான் அந்தப் பாதை உருவானது.

காஷ்மீரைச் சேர்ந்த அமீர் ஹுசைன் லோன் எட்டு வயதில் மர அறுவை ஆலையில் இரு கைகளையும் இழந்தவர். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே மட்டையைப் பற்றி ஆடவும், காலால் பந்து வீசவும் தாமே பழகி, ஜம்மு காஷ்மீர் மாற்றுத்திறனாளிகள் கிரிக்கெட் அணிக்குத் தலைமை ஏற்றார். ஈரானின் ஸஹ்ரா நெமாதி விபத்தில் கால்கள் செயலிழந்தபின் வில்லைக் கையிலெடுத்தார். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற அவர், 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் தம் நாட்டின் கொடியை ஏந்தினார். ஹிஜாபுடன் களமிறங்கிய அவரது வாழ்வு, மகள்களை எண்ணித் தயங்கும் பெற்றோருக்கு விடையாக அமையும்.

நம் ஊர்களுக்கு மிக எளிதாகப் பொருந்துவது பார்வையற்றோர் கால்பந்து. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் கால்பந்து எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை நாம் அறிவோம். அணிக்கு ஐவர், பந்தினுள் ஒலியெழுப்பும் குண்டுகள். சிறிதளவு பார்வை உள்ளவர் கூடுதல் பயன் பெறாதிருக்க, களத்தில் ஆடும் நால்வரும் கண்களை மூடிக் கட்டிக்கொள்வர். கோல் காப்பவருக்கு மட்டும் பார்வை உண்டு. எதிரணியின் கோலுக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டி, குரல் கொடுத்துத் திசை உணர்த்துவார். பந்தின் ஒலி கேட்க வேண்டுமென்பதால், ஆட்டம் நடக்கையில் பார்வையாளர்கள் அமைதி காக்க வேண்டும். டோக்கியோ பாராலிம்பிக்கில் மொராக்கோ அணி இவ்விளையாட்டில் வெண்கலம் வென்றது. கூச்சலிட்டே பழகிய நம் இளைஞர்கள், ஒருவரது ஆட்டத்துக்காக மௌனம் காக்கக் கற்பதும் ஒரு நல்லொழுக்கமே.

'விழுந்து அடிபட்டால் என்ன செய்வது?' என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. நடக்கக்கூடிய பிள்ளையும் விழுகிறது. மருந்திட்டு மறுநாள் விளையாட அனுப்புகிறோம். மருத்துவரின் ஆலோசனையும் தக்க பாதுகாப்பும் அவசியமே. ஆனால் அன்பின் பெயரால் ஒரு பிள்ளையை ஆயுள் முழுதும் நான்கு சுவர்களுக்குள் வைத்திருப்பதும் ஒருவகைத் தீங்குதான். அது கண்ணுக்குத் தெரியாத தீங்கு. செலவைக் காரணம் காட்டுவோரும் உள்ளனர். திருமண விருந்துகளுக்கும் மின்விளக்கு அலங்காரங்களுக்கும் நாம் செலவிடுவதை எண்ணினால், திடலுக்கு ஒரு சாய்தளமும் ஒலிப்பந்தும் பெரும் சுமையல்ல.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30 ஆவது பிரிவு, விளையாட்டில் அவர்களின் பங்கேற்பை உறுதிசெய்யும் கடமையை அரசின்மீது சுமத்துகிறது. அரசிடம் அதைக் கேட்போம். அதே வேளையில் நம் கையிலுள்ள திடல்களையும் பள்ளி மைதானங்களையும் நாமே திறந்துவிடுவோம். முதலில் முஹல்லாவிலுள்ள மாற்றுத்திறனாளிகளை ஜமாஅத் அழைத்து, அவர்கள் எதை விளையாட விரும்புகிறார்கள் என்று கேட்கட்டும். திட்டமிடும் குழுவில் அவர்களே முன்னிருக்கட்டும். மற்றவர்கள் அவர்களுக்குத் துணை நிற்கட்டும். பெருநாள் விளையாட்டுப் போட்டிகளின் அறிவிப்பில் அவர்களுக்கான ஆட்டமும் இடம்பெறட்டும். பெண்களுக்குத் தனி இடமும் நேரமும் ஒதுக்கப்படட்டும்.

உடல்நலம் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணும் வாய்ப்பை நம் சகோதர சகோதரிகளுக்கு மறுத்தவர்களாக நாம் மறுமையில் நிற்க நேரலாகாது. வரும் பெருநாளில் திண்ணைகள் வெறிச்சோடி, திடல்கள் நிறையட்டும். அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.